இணை நிறுவனத்தை வாங்கப்போகும் சிப் நிறுவனம்: சேர்ப்பதா, பொறுப்பதா, விற்பதா?

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் பக்கத்து வாசகர்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கையில் ஒரு சிப் நிறுவனத்தின் பங்கு இருக்கிறது, அல்லது வாங்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நிறுவனம், தான் ஏற்கெனவே ஓரளவு பங்கு வைத்திருக்கும் இணை நிறுவனம் ஒன்றை முழுவதுமாக வாங்கிக்கொள்ளப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இந்நிலையில் தாய் நிறுவனத்தின் பங்கை மேலும் சேர்ப்பதா, இணை நிறுவனத்தின் பங்கை வாங்கிப்போடுவதா, அறிவிப்பு வரும்வரை பொறுப்பதா, விலை ஏறியிருக்கும்போதே விற்றுவிடுவதா?

நெல்லும் தென்னையும் பேசும் ஊர்களில் குறைக்கடத்தி (சிப்) பேச்சு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், பாசிர் ரிஸ் வட்டாரங்களில் உள்ள வேஃபர் (சிப் உருவாகும் சிலிக்கான் வட்டத்தகடு) ஆலைகளில் நம் பக்கத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலருக்குச் சம்பளத்தோடு நிறுவனப் பங்கும் கிடைக்கிறது. உள்நாட்டிலோ குஜராத்தின் சானந்தில் சிப் தொகுப்பு ஆலை அமைத்துள்ள சிஜி பவர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது என்பதால் அதன் பெயர் இங்கே பலருக்குப் பழக்கமானது.

கேட்பவர்கள் எல்லாரும் “இந்தக் கொள்முதல் நடக்குமா, நடக்காதா” என்பதிலேயே நிற்கிறார்கள். என் கருத்தில் அது இரண்டாம் கேள்வி. வெளி நிறுவனத்தை வாங்குவதற்கும் சொந்தக் குழுமத்துக்குள் வாங்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. குழுமத்துக்குள் நடக்கும்போது, வாங்குபவரே விற்பவரின் பக்கத்திலும் பாதி உட்கார்ந்திருக்கிறார். ஆகவே கொள்முதல் நடந்துவிட்டாலும் சிறு முதலீட்டாளருக்கு லாபம் என்பது உறுதியில்லை. விலை என்ன, எதைக் கொடுத்து வாங்குகிறார்கள், யார் வாக்களிக்கிறார்கள், எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற நான்கும்தான் அதை முடிவுசெய்கின்றன. நான்கு வழிகளை எடைபோடுவதற்கு முன் எடைக்கற்களைப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

உங்கள் பணத்துக்குத் தேதி இருக்கிறதா. டெல்டாவில் இதைத்தான் முதலில் கேட்கவேண்டும். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் தை, மாசியில் கணக்கில் ஏறுகிறது. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்துவிட்டால் குறுவைக்கு நாற்றங்கால், உழவு, விதை, கூலி என்று அதே பணம் வெளியே போகவேண்டும். குறுவை இல்லாதவர்களுக்கும் ஆடி, ஆவணியில் சம்பாச் செலவு வந்து நிற்கிறது. ஆக, பல வீடுகளில் முதலீட்டுப் பணம் என்று சொல்லப்படுவது நான்கைந்து மாதங்கள் சும்மா இருக்கும் பணம்தான். குழுமக் கொள்முதல் ஒன்று அறிவிப்பிலிருந்து முடிவுக்கு வர ஓராண்டு பிடிப்பது சாதாரணம். இந்த இரண்டு நாட்காட்டிகளும் ஒத்துப்போகவில்லை என்றால் மற்ற எந்தக் கணக்கும் உதவாது.

விலையை முடிவுசெய்பவர் யார். வாங்குபவர் ஏற்கெனவே பெரிய பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் போட்டிக்கு வெளியாள் வந்தும் பயனில்லை. தோஷிபா, 2019 நவம்பரில், தன் பிடியில் பாதிக்குச் சற்று மேல் பங்கு இருந்த நியூஃப்ளேர் நிறுவனத்தின் மீதியைப் பங்குக்கு 11,900 யென் என்ற விலையில் கேட்டது. சிப்பின் வடிவத்தைப் பதிக்க உதவும் முகமூடித் தகடுகளில் எலெக்ட்ரான் கற்றையால் வரையும் கருவிகளைச் செய்யும் நிறுவனம் அது. அடுத்த மாதமே ஹோயா என்ற நிறுவனம் 12,900 யென் தருவதாக முன்வந்தது. தோஷிபா விலையை உயர்த்தும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். முன்னாள் குழும நிறுவனமான தோஷிபா மெஷின் தன் பங்கைக் குறைந்த விலை கேட்ட தோஷிபாவுக்கே கொடுக்க, 2020 ஜனவரியில் 11,900 யென்னிலேயே காரியம் முடிந்தது. சிங்கப்பூரின் சார்ட்டர்ட் செமிகண்டக்டரை 2009இல் அபுதாபியின் அரசு முதலீட்டு நிறுவனம், தன் கையில் இருந்த குளோபல் ஃபவுண்டரீஸோடு இணைப்பதற்காக, பங்குக்கு 2.68 சிங்கப்பூர் டாலர் கொடுத்து வாங்கியபோதும், 62 சதவீதம் அளவுக்கு வைத்திருந்த சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் ஒப்புக்கொண்டதுமே சிறு பங்குதாரர்களின் வாக்குக்குப் பெரிதாக வேலை இல்லாமல் போனது.

இந்தியாவில் நிலைமை சற்று மேல். தொடர்புடைய தரப்புகளுக்கு இடையிலான பெரிய பரிவர்த்தனைகளுக்குப் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். அந்தத் தொடர்புடைய தரப்பினர் அதற்கு ஆதரவாக வாக்களிக்கக் கூடாது என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. இணைப்பாக நடந்தால் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதியும், தனி மதிப்பீட்டாளரின் அறிக்கையும் தேவை.

எதைக் கொடுத்து வாங்குகிறார்கள். கையிருப்புப் பணமா, கடனா, புதுப் பங்கா? புதுப் பங்கு என்றால் ஏற்கெனவே வைத்திருப்பவரின் உரிமை நீர்த்துப்போகும், அந்தப் பங்கை எந்த விலையில் வெளியிடுகிறார்கள் என்பது அப்போது எல்லாவற்றையும்விட முக்கியமாகிவிடும். சீனாவின் ஹுவா ஹாங் செமிகண்டக்டர், 2023 ஆகஸ்டில் ஷாங்காய் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, அதே குழுமத்தின் ஹுவாலி மைக்ரோவை அதனோடு சேர்த்து, இரண்டுக்கும் இடையிலான போட்டியை நீக்குவதாகக் குழுமம் உறுதி சொல்லியிருந்தது. இரண்டு ஆண்டுகள் சந்தை அதை எதிர்பார்த்தே இருந்தது. 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தபோது கொடுக்கப்படும் புதுப் பங்குக்கு வைத்த விலை 43.34 யுவான், அன்றைய சந்தை விலையைவிட மிகக் குறைவு. சீன விதிப்படி முந்தைய 120 நாள் சராசரியில் 80 சதவீதம் வரை இறங்கலாம் என்பதால் அதில் சட்ட மீறல் ஏதுமில்லை. ஆனால் எதிர்பார்ப்பு விலையை ஏற்றிய பிறகு உள்ளே வந்தவருக்கும், சராசரிக்கும் கீழான விலையில் பங்கு பெறும் குழுமத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே கணக்கில் இருப்பது எவ்வளவு. இதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. இணை நிறுவனத்தின் லாபத்தில் தாய் நிறுவனத்துக்கு உரிய பங்கு, விற்பனைக் கணக்கில் வராவிட்டாலும், லாபக் கணக்கில் ஒற்றை வரியாக முன்பே வந்துகொண்டிருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இணை நிறுவனம் ஆண்டுக்கு 300 கோடி ரூபாய் லாபம் ஈட்டுகிறது. தாய் நிறுவனத்திடம் மூன்றில் ஒரு பங்கு உள்ளது. அப்படியானால் 100 கோடி ஏற்கெனவே அதன் லாபத்தில் அடங்கிவிட்டது. மீதி இரண்டு பங்கை 3,000 கோடி ரூபாய்க்கு 9 சதவீதக் கடனில் வாங்கினால், புதிதாக வருவது 200 கோடி, வட்டியாகப் போவது 270 கோடி. வரியை விட்டுப் பார்த்தால் லாபம் 70 கோடி குறைகிறது. சிப் விலை ஏறி இணை நிறுவனத்தின் லாபம் இரட்டிப்பானால் நிலைமை 130 கோடி மிகையாக மாறும். லாபமே இல்லாத ஆண்டு வந்தால் 270 கோடியும் சுமைதான். இதனால் “வாங்கினால் விற்பனை இரண்டு மடங்கு ஆகும்” என்ற தலைப்புச் செய்தியை நான் பொருட்படுத்துவதில்லை. விற்பனை முழுதாகச் சேரும், கூடவே ஆலையின் கடனும் தேய்மானமும் முழுதாகச் சேரும்.

இதில் இன்னொரு கண்கட்டும் உண்டு. கட்டுப்பாடு கைக்கு வரும் நாளில், முன்பே வைத்திருந்த பங்கைப் புது விலையில் மறுமதிப்பிட்டு வேறுபாட்டை லாபமாகக் காட்டவேண்டும் என்பது கணக்கியல் விதி. அந்தக் காலாண்டின் லாபம் திடீரென்று உயர்ந்து தெரியும்; ஒரு ரூபாய்கூட உள்ளே வந்திருக்காது.

சிப் தொழிலின் சுழற்சி. நினைவகச் சிப்பின் விலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதாளத்துக்கும் உச்சிக்கும் போய்வரும். உச்சியில் மதிப்பிட்ட விலையில் வாங்கினால் தாய் நிறுவனத்துக்கு இழப்பு, பள்ளத்தில் விற்றால் இணை நிறுவனத்தின் சிறு பங்குதாரருக்கு இழப்பு. குழுமத்துக்குள் நடக்கும் கொள்முதல்களில் நேரத்தைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் வாங்குபவர்தான்.

நடந்து முடிந்த சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலக் கணக்கு விளங்கும்.

| வாங்கியவர் | வாங்கப்பட்டது | முன்பே இருந்த பங்கு | கொடுத்தது | அறிவிப்பும் முடிவும் |
|---|---|---|---|---|
| மைக்ரான், அமெரிக்கா | இனோடெரா, தைவான் | 33% | பணம், பங்குக்கு 30 தைவான் டாலர் | 2015 டிசம்பர் – 2016 டிசம்பர் |
| யுஎம்சி, தைவான் | மியே ஃபுஜித்சு, ஜப்பான் | 15.9% | பணம் | 2018 ஜூன் – 2019 அக்டோபர் |
| எஸ்கே ஹைனிக்ஸ் | கீ ஃபவுண்டரி, கொரியா | நிதியம் வழியாகச் சுமார் பாதி | பணம் | 2021 அக்டோபர் – 2022 ஆகஸ்ட் |
| தோஷிபா | நியூஃப்ளேர், ஜப்பான் | பாதிக்குச் சற்று மேல் | பணம், 11,900 யென் | 2019 நவம்பர் – 2020 ஜனவரி |
| யுஎம்சி | நான்கு குழும நிறுவனங்கள், தைவான் | வெவ்வேறு அளவு | பங்குக்குப் பங்கு | 1999 ஜூன் – 2000 ஜனவரி |

ஜப்பானின் மியே ஆலைக்கு ஓராண்டுக்கு மேல் ஆனதையும், தோஷிபா இரண்டே மாதத்தில் முடித்ததையும் ஒப்பிடுங்கள். எல்லை கடந்து போனால் அரசுகளின் அனுமதி குறுக்கே வரும். யுஎம்சி, சீனாவின் சூச்சோவில் இருந்த ஹெஜியான் ஆலையை வாங்கிக்கொள்வதாக 2009இல் அறிவித்து, அது முழுக் கட்டுப்பாட்டுக்குள் வர 2013 ஆனது. சீனாவில் முதலீடு செய்வதற்குத் தைவான் அரசு வைத்திருந்த தடைகள்தான் காரணம்.

## வழி ஒன்று: தாய் நிறுவனத்தின் பங்கை இப்போதே சேர்ப்பது

இதற்குச் சாதகமான வாதம் உண்மையானதுதான். இனோடெராவை முழுதாக வாங்கும் முன்பே அதன் டிரேம் (ஒருவகை நினைவகச் சிப்) உற்பத்தியில் ஏறக்குறைய அனைத்தையும் மைக்ரானே, சந்தை விலையிலிருந்து தள்ளுபடியோடு, எடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே சரக்கு புதிதாகக் கிடைக்கவில்லை. கிடைத்தது என்னவென்றால், ஆலையில் எந்தத் தொழில்நுட்பத்துக்கு எப்போது மாறுவது, எவ்வளவு மூலதனம் போடுவது என்பதை மற்றப் பங்குதாரர்களிடம் கேட்காமல் முடிவுசெய்யும் உரிமை. சுழற்சி தாழ்ந்திருந்த நேரத்தில் விலை பேசப்பட்டது. 2016இன் இறுதியிலும் 2017இலும் நினைவகச் சந்தை எழுந்தபோது பலன் முழுவதும் மைக்ரானின் பங்குதாரருக்கு வந்தது. அதற்காக 8,000 கோடி தைவான் டாலர் கடன் வாங்கப்பட்டது என்பதையும், விற்றவர்களில் ஒருவரான நான்யா தனக்குக் கிடைத்த பணத்தின் ஒரு பகுதியில் மைக்ரானின் புதுப் பங்குகளையே வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சந்தை எழாமல் போயிருந்தால் அந்தக் கடனே பேச்சாக இருந்திருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது வதந்தியின் விலை. நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. வேதாந்தாவும் ஃபாக்ஸ்கானும் குஜராத் அரசோடு 2022 செப்டம்பரில் சிப் ஆலைக்கு உடன்பாடு செய்துகொண்டபோது பட்டியலிடப்பட்ட வேதாந்தா நிறுவனத்தின் பங்கு துள்ளியது. அந்தத் தொழில் தங்களுடையதன்று, குழுமத்தின் மேல்நிலை நிறுவனமான வோல்கன் முதலீட்டு நிறுவனத்தின் கீழ் வருவது என்று நிறுவனம் பின்னர்தான் விளக்கம் கொடுத்தது. முதலீட்டாளர்களைத் தவறாக எண்ணவைக்கும் வகையில் செய்திக்குறிப்பு வெளியிட்டதற்காக 2023இல் செபி 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு ஜூலை முதல் வாரத்தில், குழும நிறுவனத்திடமிருந்து சிப் தொழிலைத் தான் எடுத்துக்கொள்வதாகப் பட்டியல் நிறுவனம் அறிவித்தது. ஜூலை 10 அன்று ஃபாக்ஸ்கான் விலகிக்கொண்டது. ஹைட்ரோகார்பன் பிரச்சினையால் அந்தப் பெயரை நம் மாவட்டங்களில் எல்லாரும் அறிவோம் என்றாலும், நான் இங்கே பேசுவது எதிர்பார்ப்பைப் பற்றி மட்டுமே: எந்த நிறுவனத்தின் பங்கு ஏறியதோ அந்த நிறுவனத்திடம் அந்தத் தொழிலே அன்று இல்லை.

இரண்டாவது, “உள்ளே வேலை பார்க்கும் பையன் சொன்னான்” என்ற செய்தி. அது பொய்யாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் அதைவிட ஆபத்து. வெளியிடப்படாத தகவலை வைத்து வாங்குவது சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் குற்றம், சொன்னவரும் சிக்குவார், வாங்கியவரும் சிக்குவார். பிள்ளையின் வேலையையும் அனுமதிச் சீட்டையும் பணயம் வைத்து ஈட்டவேண்டிய லாபம் எதுவும் இந்த உலகத்தில் இல்லை.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பழைய நோய்: குழுமக் கொள்முதல் குழுமத்தின் ஓட்டையை அடைக்கவும் பயன்படும். சத்யம் நிறுவனம் 2008 டிசம்பரில் நிறுவனர் குடும்பத்தின் மேய்ட்டாஸ் நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழுவில் முடிவெடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்திலேயே கைவிட்டது. அடுத்த மாதம் கணக்கு மோசடி முழுவதும் வெளிவந்தது. எனவே இணை நிறுவனத்தில் பெரும் பங்கு வைத்திருப்பது தாய் நிறுவனமா, அல்லது அதன் நிறுவனர் குடும்பமா என்பதை ஆண்டறிக்கையின் “தொடர்புடைய தரப்பினர்” பக்கத்தில் பார்க்காமல் ஒரு பங்குகூடச் சேர்க்கக் கூடாது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? இணை நிறுவனப் பேச்சே இல்லாவிட்டாலும் அந்தப் பங்கை ஐந்து ஆண்டுகளுக்கு வைத்திருக்கத் தயாராக இருப்பவருக்கு. அவருக்குக் கொள்முதல் ஒரு கூடுதல் வாய்ப்பு, அது நடக்காமல் போனாலும் இழப்பில்லை. கொள்முதலுக்காக மட்டுமே வாங்குபவர் இந்த வழியில் நடக்கவே வேண்டாம்.

## வழி இரண்டு: இணை நிறுவனத்தின் பங்கை வாங்குவது

இணை நிறுவனமும் பட்டியலிடப்பட்டிருந்தால் மட்டுமே இந்த வழி உண்டு. கணக்கு எளிமையாகத் தோன்றும்: சந்தை விலைக்கு மேல் ஏதாவது கொடுத்துத்தானே வாங்குவார்கள், அந்த மிகை நமக்கு. நியூஃப்ளேர் கதையைப் படித்த பிறகு அந்த மிகைக்கு ஒரு கூரை இருக்கிறது என்பது விளங்கியிருக்கும். கீழே தரை இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இன்டெல், 2022 பிப்ரவரியில் இஸ்ரேலின் டவர் செமிகண்டக்டரைப் பங்குக்கு 53 டாலர் கொடுத்து வாங்க ஒப்பந்தம் செய்தது. சீனாவின் அனுமதி வராமல் 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் முறிந்தது. முறிவுக் கட்டணமான 35.3 கோடி டாலர் டவர் நிறுவனத்துக்குப் போனது. 53 டாலரை நம்பி வாங்கியவருக்குக் கிடைத்தது சரிந்த பங்குதான். டவர் இன்டெலின் இணை நிறுவனம் இல்லை. ஆயினும் அனுமதி என்னும் வாசலில் எல்லாரும் ஒன்றுதான்.

காலத்தையும் பாருங்கள். இனோடெரா விற்பனை 2016இன் நடுவில் முடியும் என்று முதலில் சொல்லப்பட்டது. நிதி ஏற்பாடு தாமதமாகி டிசம்பர் 6 அன்றுதான் முடிந்தது. ஜூலைப் பணத்தை நம்பிச் சம்பாவுக்குத் திட்டமிட்டிருந்தால் நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து முடிகிறவரை வேறு எங்காவது கடன்தான் வாங்கியிருக்கவேண்டும். மேலும் 30 தைவான் டாலர் என்று விலை உறைந்துவிட்டதால், அதற்குப் பின் நினைவகச் சந்தை ஏறியதில் இனோடெராவின் பங்குதாரர்களுக்கு ஒரு காசும் இல்லை.

இந்தியாவில் ஒரு கூடுதல் சிக்கல். வாங்குபவரின் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டும்போது பொதுப் பங்குதாரர்களிடமிருந்து மேலும் 26 சதவீதத்தை வாங்குவதாகத் திறந்த சலுகை தரவேண்டும். எல்லாரும் விற்க வந்தால் விகிதப்படிதான் எடுப்பார்கள். நூறு பங்கு கொடுத்தவருக்கு நாற்பது மட்டும் ஏற்கப்பட்டு, அறுபது திரும்பி வந்து, சலுகை முடிந்த மறுநாள் விலை இறங்கியிருக்கும் நிலை வரலாம். சலுகை விலையை மட்டும் பார்த்து லாபம் கணக்கிடுபவர்கள் இந்த ஏற்பு விகிதத்தை மறந்துவிடுகிறார்கள்.

தேதி இல்லாத பணம், ஓராண்டு பொறுமை, ஆவணங்களைப் படிக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் இருப்பவருக்கு, அதுவும் விலை அறிவிக்கப்பட்ட பின் சந்தை விலை அதற்குக் கீழே கணிசமாக நிற்கும்போது, இந்த வழி பொருந்தும். வதந்தி நிலையில் இதில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

## வழி மூன்று: அறிவிப்பு வரும்வரை பொறுப்பது

கையில் பங்கு இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அறிவிப்பு நாளில் பங்கு ஏறிவிட்டால் அந்த ஏற்றம் கைநழுவும். ஆனால் அறிவிப்புக்குப் பின் முடிவு வரை பல மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் மதிப்பீட்டு அறிக்கை, பங்கு மாற்று விகிதம் (இணை நிறுவனத்தின் ஒரு பங்குக்குத் தாய் நிறுவனத்தின் எத்தனை பங்கு என்பது), கடன் அளவு எல்லாம் வெளியே வந்துவிடும். மேலே போட்ட 270 கோடி கணக்கைக் கற்பனை இல்லாமல் உண்மை எண்களால் போட முடிவது அப்போதுதான். விகிதம் மோசமாக இருந்தால் தாய் நிறுவனத்தின் பங்கு சில வாரங்கள் அடிவாங்கும். நல்ல ஆலையைச் சற்று அதிக விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்பது மட்டுமே குறை என்றால், உள்ளே போவதற்கு அதுவே நல்ல நேரம்.

பொறுத்திருக்கும் பணத்தை எங்கே வைப்பது என்று கேட்பவர்களுக்கு: கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை, தேதி தவறினால் வட்டி ஏறும். பயிர்க்கடனை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பணத்தைப் பங்கில் போடுவதும், நகையை அடகு வைத்துப் பங்கு வாங்குவதும் இந்தப் பக்கம் நடக்கின்றன. நகைக்கடன் வட்டியையும் சேர்த்தால் மிகை பத்து சதவீதம் கிடைத்தாலும் கையில் மிஞ்சுவது சொற்பம், கொள்முதல் ஆறு மாதம் தள்ளிப்போனால் அதுவும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கைப்பணம் தேவைப்பட்டதை அந்தப் பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள்.

## வழி நான்கு: எதிர்பார்ப்பிலேயே விற்பது

ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவருக்கான வழி. பேச்சு அடிபட்டு விலை ஏறியிருக்கிறது, குறுவைக்கோ கல்யாணத்துக்கோ பணம் வேண்டியிருக்கிறது என்றால் விற்றுவிடுவதில் தயக்கம் வேண்டாம். பாதி விற்றுப் பாதி வைப்பதும் சரியே. “விற்ற மறுநாள் அறிவிப்பு வந்துவிட்டால்” என்ற மனக்குறைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

வரி மட்டும் பார்க்கவேண்டியது. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட பங்கை வாங்கி 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. அதற்கு மேல் வைத்திருந்தால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, மிஞ்சியதற்கு 12.5 சதவீதம். பத்து பதினோரு மாதம் ஆகியிருந்தால் காத்திருப்பதன் பலனையும் எடைபோட்டுக்கொள்ளுங்கள். உள்நாட்டு இணைப்பில் பங்குக்குப் பங்கு கிடைத்தால் அந்த மாற்றத்துக்கு வரி இல்லை, பழைய வாங்கிய தேதியும் விலையும் தொடரும்.

வெளிநாட்டுப் பங்கு என்றால் கதை வேறு. நீண்டகால லாபம் என்று கொள்ள 24 மாதங்கள் வைத்திருக்கவேண்டும். இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் இணைந்து உங்களுக்குப் புதுப் பங்கு கொடுத்தால், இணைந்து நிற்பது இந்திய நிறுவனம் இல்லை என்பதால் உள்நாட்டு இணைப்புக்கு உள்ள விலக்கு கிடைக்காது. கையில் ஒரு ரூபாய் வராமலே வரி கட்டவேண்டிய நிலை வரலாம், ஆகவே ஆடிட்டரைப் பார்க்காமல் இதில் முடிவெடுக்காதீர்கள். வெளிநாட்டுச் சொத்து விவரத்தை வருமான வரிப் படிவத்தில் அதற்குரிய பட்டியலில் காட்டாமல் விட்டால் தண்டம் கடுமையானது. பங்கு வாங்க வெளியே பணம் அனுப்புவதிலும், 2025 ஏப்ரல் முதல், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் முன்வரியாகப் பிடிக்கிறார்கள். பின்னர் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கியிருக்கும். அமெரிக்க நிறுவனப் பங்குகளை 60,000 டாலருக்கு மேல் வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்தால் வாரிசுகளிடம் அந்த நாட்டு மரபுரிமை வரி வசூலிக்கப்படும் என்பதும் நம் ஊர்ப் பெற்றோர் பலர் அறியாதது.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையின் பெயரில் உள்ள பங்கைப் பற்றித் தனியாக ஒன்று. சம்பளம், போனஸ், பங்கு மூன்றும் ஒரே நிறுவனத்திலிருந்து வருகின்றன. சிப் சுழற்சி கீழே போகும்போது மூன்றும் சேர்ந்தே அடிவாங்கும். அந்தக் குடும்பங்களுக்கு, இணை நிறுவனக் கொள்முதல் எவ்வளவு நல்லதாகத் தோன்றினாலும், பங்கு கைக்கு வரவர ஒரு பகுதியை விற்று வேறு இடத்தில் போடுவதையே சொல்கிறேன். கொள்முதல் பேச்சு நடக்கும் காலத்தில் ஊழியர்கள் பங்கை விற்கக் கூடாத தடை நாட்களை நிறுவனம் அறிவித்திருக்கலாம். பிள்ளை தன் நிறுவனத்தின் இணக்கப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு, அனுமதி கிடைத்த நாட்களில் மட்டும் விற்கட்டும். எப்போது விற்கலாம் என்பதை ஊரிலிருந்து நீங்கள் போனில் முடிவுசெய்து சொல்லவேண்டாம்.